மாப்பிள்ளை எறிவார், மச்சான் பிடிப்பானா?

பூனாகலை,
ஞாயிறு பின்னேரம்.

பாசத்துக்குரிய அக்கா விஜயலெட்சுமி அவர்களுக்கு, தங்கள் தம்பி மாடசாமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் தனலெட்சுமியும் பிள்ளைகளும் மழைக்கும் அட்டைக்கும் தப்பி ஒருவழியாகச் சுகம். கோத்தகிரியில் தாங்களும் மாமாவும் பனிக்குத் தப்பிச் சுகமாக இருக்க முருகனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். அக்கா, ‘தாங்கள்’ என்று எழுத ஆரம்பித்தால் ஏதோ துரைக்கு விண்ணப்பம் எழுதுவது போல் கை விறைத்துப்போகிறது. இனிமேல் நீ என்றே எழுதுகிறேன், மாமாவிடம் காட்டாதே.

வியாழக்கிழமை உனக்குப் போன் எடுத்தேன். நான் “அக்கா” என்ற ஒரு வார்த்தைதான் சொன்னேன். “சம்பந்தியம்மாவப் பப்பாளிப் பழத்தால அடிச்சீங்களாமே, நல்லாருப்பீங்களா?” என்று கேட்டுவிட்டு நீ வைத்துவிட்டாய். பிறகு எத்தனை தடவை எடுத்தாலும் மாமாதான் பேசினார், அவரும் “அவ சாமி கும்புடுறா” என்றே சொன்னார். இவ்வளவு நேரம் சாமி கும்பிட்டால் சாமிக்கே கால் வலிக்கும். அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். முதலாவது, யாரும் யாரையும் அடிக்கவில்லை. நீ பப்பாளி என்கிற அந்தப் பப்பாசி தானாக வந்து விழுந்தது. தானாக என்றால், மாப்பிள்ளை எறிந்து, என் மகன், உன் மருமகன் புவனேந்திரன் பிடிக்காமல் விட்டு, பிறகு தானாக விழுந்தது.

இந்த விளையாட்டைப் பற்றி உனக்கு மாப்பிள்ளையின் அம்மா கருப்பம்மா சரியாகச் சொல்லியிருக்க மாட்டாள். உன்னோடு ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவள் என்றாலும் அவளுக்கும் இது விளங்காது. இது அமெரிக்காக்காரன் கால்பந்து. பெயர்தான் கால்பந்து, காலால் தொடுவதே இல்லை. பந்தும் உருண்டையாக இருக்காது, இரண்டு முனையும் கூராகப் பப்பாசி போலவே இருக்கும். ஒருவர் பின்னால் நின்று எறிவார், அவருக்குக் குவாட்டர்பேக் என்று பெயர். மற்றவர்கள் முன்னால் ஓடிப்போய்ப் பிடிப்பார்கள், அவர்கள் ரிசீவர். இடுப்பில் இரண்டு நாடா தொங்கும். பந்து வைத்திருப்பவனின் நாடாவை எதிராளி உருவிவிட்டால் அவன் நின்றுவிட வேண்டும். நம் மாப்பிள்ளை ரமேஸ் கட்டாரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டுச் சாமான் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இதைப் படித்து, திரும்பி வரும்போது இரண்டு பந்தோடு வந்தார். இப்போது பண்டாரவளையில் ஃப்ரிட்ஜ் திருத்துகிறார். அந்தக் குளிரில் யாருக்கு ஃப்ரிட்ஜ் என்று கேட்காதே, கேட்டால் அவருக்குக் கோபம் வரும். லீவு நாளில் நம் தோட்டத்துப் பொடியன்களுக்கு இதைப் பழக்கினார். பார்த்துப் பார்த்துப் பதுளையிலும் பண்டாரவளையிலும் குழு சேர்ந்து, இந்த வருசம் பெரிய தொடராகவே நடத்தப் போகிறார்கள். விளையாட்டுக் கழகத்துக்கு நான்தான் தலைவர். தலைவராக இருக்க வேறு யாரும் சம்மதிக்கவில்லை.

முதல் தடவை புவனேந்திரன் வீட்டுக்கு வந்து, “அம்மா, நம்ம மாப்பிள்ளதான் குவாட்டரு” என்று சொன்னபோது தனலெட்சுமி அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். “கட்டார்ல குடிக்க விடமாட்டாங்கன்னுதானே பொண்ணு குடுக்க சம்மதிச்சேன்” என்று ஒரே புலம்பல். அது வேறு குவாட்டர் என்று விளக்கி முடிப்பதற்குள் சோறு குழைந்துவிட்டது.

இனி மகள் நிரோஷினியின் நிச்சயதார்த்தத்துக்கு வருகிறேன். எங்கள் ஏழு பேர்ச்சஸ் காணியில் கட்டிய சின்ன வீட்டின் முன்னறையில் எத்தனை பேர் உட்கார முடியும் என்று உனக்குத் தெரியும். அத்தனை பேருக்கு மேலேயே உட்கார்ந்திருந்தார்கள். தட்டு மாற்றியாகிவிட்டது. கருப்பம்மா மாம்பழக் கலரில் புதுச் சேலை கட்டி, நடுநாயகமாக உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் பாயாசம் குடித்துக்கொண்டு ஆளையாள் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். பேச ஒன்றும் இல்லை. சும்மா இருந்திருக்கலாம். நான்தான், மரியாதைக்கு, “என்ன மாப்பிள்ள, இந்த சீசனுக்கு டீம் எப்படி?” என்று கேட்டேன்.

“எறிய ஆள் இருக்கு மாமா. பிடிக்கத்தான் ஆள் இல்ல” என்றார்.

பாயாச வாளியோடு போய்க்கொண்டிருந்த புவனேந்திரன் நின்றான். “பிடிக்கிற மாதிரி எறிஞ்சா பிடிப்போம்” என்றான்.

“நான் எறியிறது மெத்துன்னுதான் வருது. உங்க கைதான் சல்லட மாதிரி இருக்கு.”

“மெத்துன்னா? நீங்க எறியிறது பந்து இல்ல, றோட்டுல உடைக்கிற கல்லு. முஸ்தாக் எறிஞ்சா மட்டும் எனக்கு எப்படி மாட்டுது?”

முஸ்தாக் பெயரை எடுத்ததுதான் தாமதம், மாப்பிள்ளையின் முகம் மாறிவிட்டது. முஸ்தாக் பதுளை பஜாரில் புடவைக்கடை வைத்திருக்கும் ஜுனைதீன் முதலாளியின் மகன். அவனும் எறிவான். தூரம் போகாது, ஆனால் கையில் கொண்டுவந்து வைத்தது போல் விழும். யாரைக் குவாட்டர்பேக்காகப் போடுவது என்று கழகத்தில் ஏற்கெனவே இரண்டு கட்சி. சொந்த மச்சானே எதிர்க்கட்சியில் இருப்பது மாப்பிள்ளைக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எழுந்து, தாம்பூலத் தட்டிலிருந்த பப்பாசியை எடுத்து, கையில் ஒருதரம் உருட்டிப் பார்த்து, “இது பந்து அளவுதான். வாசலுக்குப் போங்க” என்றார். அவன் வாளியை வைத்துவிட்டு வாசலுக்குப் போனான். தடுத்திருக்கலாமே என்று நீ கேட்பாய். அக்கா, சத்தியமாக, அது மாட்டுமா மாட்டாதா என்று எனக்கும் பார்க்க ஆசையாக இருந்தது.

எறிந்தார். என்ன அழகாகச் சுழன்று போனது தெரியுமா! புவனேந்திரன் எம்பினான், இரண்டு கையிலும் பட்டது, கதவு நிலையில் மோதியது, திரும்பி வந்து கருப்பம்மாவின் மடியில் விழுந்து வெடித்தது. மாப்பிள்ளை கட்சி அது புவனேந்திரன் விட்ட பிழை என்கிறது. புவனேந்திரன் கட்சி எறிந்தது ஒரு முழம் உயரம் என்கிறது. தனலெட்சுமி மட்டும் பழம் அளவுக்கு மேல் பழுத்துவிட்டது என்கிறாள். கருப்பம்மா மடியிலிருந்த விதைகளைத் தட்டிவிட்டாள். பிறகு, “பழம் நல்லாத்தான் பழுத்திருக்கு” என்று சொல்லிவிட்டு எழுந்தாள். வேனில் ஏறும்போது, “இந்தப் பப்பாசிக் கத வெளிய யாருக்கும் போகக்கூடாது” என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கினாள். அதன் பிறகு உனக்குப் போன் எடுத்தது அவள்தான். மறுநாள் எங்களுக்கும் சொல்லியனுப்பினாள்: ரெண்டு பேரும் சமாதானமாகிற வரைக்கும் கல்யாணப் பேச்சே வேண்டாமாம்.

இவர்களோ சமாதானமாகிற வழியைக் காணோம். பயிற்சிக்கு வந்தால் ஒருவரை ஒருவர் மிஸ்டர் போட்டுத்தான் பேசினார்கள். “மிஸ்டர் ரமேஸ், பந்து உங்க காலடியில.” “தேங்க்ஸ், மிஸ்டர் புவனேந்திரன்.” கேட்கிற நமக்குக் காது கூசும். நிரோஷினியிடம் போய், “நீயாவது மாப்பிள்ளகிட்ட ஒரு வார்த்த சொல்லேன்மா” என்றேன். அவள் முன்பள்ளியில் படிப்பிக்கிறவள் இல்லையா, பிள்ளைகளுக்குக் கடதாசிப் பூ வெட்டிக்கொண்டே, “பாலர் வகுப்புல இதவிடப் பெரிய சண்டையெல்லாம் பாத்துட்டேன் அப்பா. கொஞ்ச நேரம் விட்டா தானா வந்து ஒட்டிக்குவாங்க” என்றாள். கல்யாணப் பெண்ணுக்கு இருக்க வேண்டிய கவலை முழுவதையும் நானே சுமந்தேன்.

சரி, யார் எறிவது என்று ஒரு முடிவுக்கு வந்தால் பாதிப் பிரச்சினை தீரும் என்று பதுளைக்குப் பஸ் ஏறி ஜுனைதீன் முதலாளியைப் பார்க்கப் போனேன். எங்கள் குழுவுக்குச் சட்டை தைத்துத் தருகிறவர் அவர்தான். சட்டையின் முதுகில் அவருடைய கடைப் பெயர் பெரிதாகவும் தோட்டத்துப் பெயர் சிறிதாகவும் இருக்கும். மனுசன் பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, பொத்தான் பெட்டியைத் திறந்து மேசையில் கொட்டினார். அவர் பேச்சு உனக்கு மறந்திருக்கும், ‘சொல்’ அங்கே ‘செல்’, ‘இருக்கு’ அங்கே ‘ஈக்கு’.

“மாடசாமி, நான் செல்றத கேளுங்க. கை நீளம் ஈக்கிற எல்லாரும் குவாட்டர்பேக் இல்ல. மூளையும் ஈக்கணும். இந்த வெள்ளப் பொத்தான் என்ட மகன். இந்தக் கறுப்பு உங்கட மகன். இந்தப் பெரிய கோட்டுப் பொத்தான் பெரகல பேக்கரி ஜெஸீம்.”

“ஜெஸீம் ஏன் முதலாளி இவ்வளவு பெருசு?”

“ஆளும் அப்பிடித்தானே! மெதுவாத்தான் ஓடுவான். ஆனா மா பிசையிற கை, பந்து வந்தா ஒட்டிக்கிட்டு நிக்கும். உங்கட மகன் காத்து மாதிரி ஓடுறான், கையிலதான் ஒண்ணும் நிக்கிதில்ல. அப்ப என்ன செய்யணும்? கிட்டத்துல நிக்கிற ஜெஸீமுக்குச் சின்னச் சின்னதா எறியணும். அதுக்கு முஸ்தாக்தான் சரி.”

“நம்ம மாப்பிள்ள எறிஞ்சா மைதானத்துல அந்தப் பக்கம் இருந்து இந்தப் பக்கம் வருமே முதலாளி. அவ்வளவு தூரம் ஓடுறதுக்கு நம்ம பயல விட்டா யாரு இருக்கா?”

“ஓடுவான். பிடிப்பானா?”

மாப்பிள்ளைக்காகவும் மகனுக்காகவும் ஒரே வாயால் வாதாட வேண்டியிருந்தது. ஒருவரைத் தூக்கினால் மற்றவர் இறங்கினார். பந்து தவறினால் அது எறிந்தவர் பிழையா, பிடிக்காதவன் பிழையா என்று நாங்கள் இரண்டு பேரும் மேசையைத் தட்டித் தட்டிப் பேசிக்கொண்டிருந்தோம். அந்த நேரம் ஓர் அம்மா வந்து ஒரு காற்சட்டையைக் காட்டி, இதற்குப் பொருத்தமாகக் கறுப்புப் பொத்தான் வேண்டும் என்றார். கடைப் பொடியன் மேசையிலிருந்த புவனேந்திரனை எடுத்துச் சுற்றிக் கொடுத்துவிட்டான். முதலாளி நிமிர்ந்து பார்த்து, “எங்க உங்கட மகன்?” என்றார். “வித்துட்டீங்க முதலாளி” என்றேன். அதோடு கூட்டம் கலைந்தது.

படி இறங்கும்போது முஸ்தாக் பின்னால் ஓடி வந்தான். “அங்கிள், வாப்பாக்கிட்ட செல்லிராதீங்க. என்ன குவாட்டர்பேக்காப் போடாதீங்க. எல்லாரும் என்னையே பாத்துக்கிட்டு ஈக்கிற நேரம் எனக்குக் கை நடுங்குது. ஓட விட்டாப் போதும். ரமேஸ் அண்ணன் எறியட்டும்.” பார்த்தாயா அக்கா, முழுத் தோட்டமும் யாருக்காகச் சண்டை போடுகிறதோ அவனுக்கு அந்த இடமே வேண்டாம். பஸ்ஸில் வரும்போது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் நான் சிரிப்பதைப் பார்த்து வேறு சீட்டுக்கு மாறிவிட்டார்.

நேற்று நம் தோட்டத்து மைதானத்தில் பண்டாரவளைக் குழுவோடு ஒரு பயிற்சி ஆட்டம். மாப்பிள்ளையே எறியட்டும் என்று தலைவர் என்ற முறையில் அறிவித்துவிட்டேன். முஸ்தாக் எனக்கு மட்டும் தெரிகிற மாதிரிக் கும்பிட்டான். ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில் பார்க்கிறேன், வாகை மரத்தடியில் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு கருப்பம்மா! கிட்டப் போனதும், “கோயிலுக்கு வந்தேன் தம்பி, வழியில நின்னேன்” என்றாள். கோயில் இருப்பது மலைக்கு அந்தப் பக்கம். நானும், “ஆமாங்க, மழ வரும்போல” என்று சொல்லிப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

ஆட்டம் பார்க்கச் சகிக்கவில்லை. புவனேந்திரன் ஆளில்லாத இடத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான், மாப்பிள்ளை அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. பந்தெல்லாம் ஜெஸீமுக்கே. பண்டாரவளைக்காரர்கள் என்ன மடையர்களா? மொத்தமாக ஜெஸீமைச் சூழ்ந்துகொண்டார்கள். அவனுடைய நாடாவை உருவிய வேகத்தில் காற்சட்டையும் கொஞ்சம் இறங்கிவிட்டது. தோற்றுக்கொண்டே போனோம். கருப்பம்மா வாய்க்குள், “எம்மவனுக்குக் கண்ணு தெரியலயா, அந்தப் புள்ள தனியா நிக்கிறானே” என்றாள். யார் என்று தெரியாமலா சொன்னாள்?

அப்போதுதான் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறியது. நீ பார்க்காத பனியா அக்கா? கண்மூடித் திறப்பதற்குள் மைதானத்தில் ஆள் இல்லை, சத்தம் மட்டும்தான். மத்தியஸ்தர் கடைசியாக ஒரே ஒரு எறி என்று விசிலடித்துச் சொன்னார். மாப்பிள்ளை பந்தோடு நிற்பது மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

“யாரு எங்க நிக்கிறீங்க?” என்று கத்தினார்.

“இங்க!” என்று ஒரு குரல். “இங்க!” என்று இன்னொரு குரல். பண்டாரவளைப் பொடியன்களும் சேர்ந்து, “இங்கதான் அண்ணே, எறிங்க!” என்று நாலு பக்கமிருந்தும் கத்தினார்கள்.

“பேரச் சொல்லுங்கடா!”

“நான்தான் புவனேந்திரன்!” என்று வலப்பக்கம் ஒருவன். “இல்ல, நான்தான் புவனேந்திரன்!” என்று நடுவில் ஒருவன். எனக்குத் தெரிந்து ஒரே மகனைத்தான் பெற்றேன்.

மாப்பிள்ளை கையை ஓங்குகிறார், இறக்குகிறார். பக்கத்தில் எதிராளிகள் வந்துவிட்ட சத்தம் கேட்கிறது. அப்போது இடப்பக்கம், வெகுதூரத்தில், தேயிலை ஓரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“மச்சான்! பப்பாசி இந்தப் பக்கம்!”

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். அக்கா, அவர் வாய்விட்டுச் சிரித்தது எங்களுக்குக் கேட்டது. சிரித்துக்கொண்டே உடம்பை வளைத்து எறிந்தார். பந்து பனிக்குள் போய் மறைந்தது. பிறகு ஒன்றும் இல்லை. ஒரு சத்தம் இல்லை. விழுந்த சத்தமும் இல்லை. கருப்பம்மா என் கையைப் பிடித்திருந்ததை நான் அப்புறம்தான் கவனித்தேன்.

“பிடிச்சிட்டேன்!” என்று பனிக்குள்ளிருந்து கேட்டது. “மச்சான், பிடிச்சிட்டேன்!”

பிறகு ஓடுகிற சத்தம், எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டதற்கு விசில், நாலு பக்கமும் கூச்சல். அந்த ஆட்டத்தை அப்படியும் நாங்கள் வெல்லவில்லை, அவ்வளவு பின்னால் இருந்தோம். யார் கவலைப்பட்டார்கள்? பனி விலகியபோது இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தார்கள். “எப்படி மச்சான் எறிஞ்சீங்க, மெத்துன்னு வந்துச்சு!” என்கிறான் இவன். “அது உங்க கையில போய் விழுந்ததால மச்சான்” என்கிறார் அவர். கருப்பம்மா குடையை மடக்கிக்கொண்டு என்னிடம், “சம்பந்தி, பேசின தேதியிலயே வச்சுக்கலாம். தட்டுல மட்டும் வாழப்பழம் வைங்க, போதும்” என்றாள். தம்பி போய்ச் சம்பந்தி வந்துவிட்டது. நான் அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன், பனி ஈரம் என்று அவளிடம் சொன்னேன்.

ஆகவே அக்கா, முடிவு இதுதான். குவாட்டர்பேக் மாப்பிள்ளை ரமேஸ். முதல் ரிசீவர் புவனேந்திரன். கிட்டத்துப் பந்துக்கு ஜெஸீம். முஸ்தாக் ஓடுவான், நல்லதுக்கு யாரும் அவனைப் பார்க்க மாட்டார்கள். அவன் வாப்பாவுக்கு நான் பிறகு சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். இது இனி மாறாது, தலைவர் என்ற முறையில் சொல்கிறேன். நீ கோபத்தை விட்டுவிட்டு, சொன்னபடி மாமாவோடு புறப்பட்டு வா. நீ பேசி முடித்த சம்பந்தம், நீ வந்து முன்னால் நின்றால்தான் எங்களுக்கு நிறைவு. மாமாவுக்கு என் வணக்கத்தையும், உன் பேரப்பிள்ளைகளுக்கு இந்தத் தாத்தாவின் ஆசீர்வாதத்தையும் சொல். தனலெட்சுமி உனக்குத் தேயிலை கட்டி வைத்திருக்கிறாள், தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிறவளுக்குத் தேயிலையா என்று கேட்டால் முறைக்கிறாள். முருகன் எல்லோரையும் ஒன்றாக நிற்க வைத்து ஒரு போட்டோ எடுக்க அருள் புரியட்டும்.

உன் அன்புத் தம்பி,
மாடசாமி

பின்குறிப்பு: அக்கா, இது திங்கள் காலை. கடிதத்தைத் தபாலில் போடப் போகும் வழியில் மைதானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உறையைக் கிழித்து எழுதுகிறேன். மேலே சொன்ன முடிவு எதையும் நம்பாதே. விடிந்ததும் இரண்டு பேரும் பயிற்சிக்கு வந்திருக்கிறார்கள். “நீங்களே எறிங்க மச்சான், உங்க கைய முந்தாநேத்துத்தான பாத்தேன்” என்கிறார் மாப்பிள்ளை. “ஐயோ, நீங்க இருக்கும்போது நான் எறியிறதா மச்சான்” என்கிறான் இவன். பந்து இவர் கையிலிருந்து அவன் கைக்கும் அவன் கையிலிருந்து இவர் கைக்கும் மரியாதையாகப் போய் வருகிறதே தவிர, ஒருவரும் எறியவில்லை. ஜெஸீம் ஓடி ஓடிப் போய் நின்று களைத்து உட்கார்ந்துவிட்டான். முன்பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த நிரோஷினி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். “சண்ட போட்டப்பவே தேவல” என்று சொல்லி, சாப்பாட்டுப் பையை என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள். பந்தை வாங்கி, “ரெண்டு பேரும் ஓடுங்க” என்றாள். ஓடினார்கள். எறிந்தாள் அக்கா, மைதானத்தைத் தாண்டித் தேயிலைக்குள் போய் விழுந்தது! பேசிப் பழகட்டும் என்று அவளையும் மாப்பிள்ளையையும் பின்னேரங்களில் நடக்க அனுப்பினோமே, அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்கு இப்போதுதான் விளங்கியது. ஆணும் பெண்ணும் கலந்து ஆடலாம் என்று விதியில் இருக்கிறதாம், ஜெஸீம் சொல்கிறான். ஆக, குவாட்டர்பேக் கல்யாணப் பெண். மாப்பிள்ளையும் மச்சானும் ரிசீவர்கள். கருப்பம்மாவுக்குப் போன் போட்டதற்கு, “மருமக எறிஞ்சா ரெண்டு பேரும் ஓடித்தான ஆகணும், ஓடட்டும்” என்று சிரிக்கிறாள். கல்யாணச் சேலை நீ எடுத்து வருவதாகச் சொன்னாயே, நிரோஷினி உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னாள்: சேலை எந்தக் கலராக இருந்தாலும் பரவாயில்லையாம், அதோடு காலுக்கு ஐந்தாம் நம்பர் சப்பாத்து ஒரு சோடி, ஈரப் புல்லில் வழுக்காததாகப் பார்த்து வாங்கி வரட்டுமாம்.